வட்ட ரம்பமும் அதன் வேலியும்

கோலார் தங்கவயல் என்றதும் அன்பர் பலருக்கு நினைவில் எழுவது பொன்னும், அதனைத் தேடி மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீப் சுரங்கமுமே. பொன்னை அகழ மரமும் வேண்டியிருந்தது என்பதை எண்ணுவார் சிலரே. பாறையைத் தாங்கும் கால்கள், இடுக்குகளில் அடித்து இறுக்கும் ஆப்புகள் என மரம் ஓயாது குழிக்குள் சென்றது. அம்மரத்தை அறுத்தோருள் என் தந்தையாரும் ஒருவர். நந்திதுர்க்கில் தச்சராய் இருந்தவர்.

2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அண்டை வீட்டார் பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்றனர். தந்தையாரோ அன்னையாரின் இரு வளையல்களை விற்று, பழைய வட்ட ரம்ப மேசை ஒன்றை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினார். (தங்கவயலில் எங்கள் வீட்டிலிருந்த தங்கம் அவ்வளவே.) அதன்பின் கதவும் சன்னலும்தான் எங்களுக்குச் சோறு போட்டன.

அம்மேசையில் தகட்டுக்கு இணையாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. ஆங்கிலத்தில் அதனை ‘ரிப் பென்ஸ்’ என்பர். வேலி என்று நாம் சொல்லலாம். பலகையின் ஓரத்தை அதில் அணைத்துத் தள்ளினால் நீளவாக்கில் ஒரே அகலத்தில் அறுபடும். எளிய பொருள்தான், ஆயினும் அதன் பின்முனை தகட்டின் பக்கம் மயிரிழை சாய்ந்தாலும் ஆபத்து. தகட்டின் முன்பற்கள் கீழ்நோக்கி அறுக்கும். பின்பற்களோ மேல்நோக்கி எழும். வேலிக்கும் பின்பற்களுக்கும் இடையே மரம் நெருக்குண்டால் அப்பற்கள் அதனைத் தூக்கி, நிற்பவன் மீதே எறிந்துவிடும். 10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் பல்லின் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

பழைய வேலிகள் பலவற்றின் தலைப்பகுதி குறுகியது. தேய்ந்துவிட்டால், கைப்பிடியை இறுக்கும்போதே பின்முனை நகர்ந்துவிடும். எனவே தந்தையார் காலைதோறும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஒரு பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிடுவார். அப்பல்லை முன்னே நிறுத்தி வேலிவரை அளப்பார். அதே பல்லைப் பின்னே சுழற்றி மீண்டும் அளப்பார். தகடு சற்றே கோணியிருந்தாலும் ஒரே பல்லை அளந்தால் கணக்குப் பிசகாது. இரண்டளவும் ஒத்த பின்னரே மரம் மேசையேறும்.

அன்றியும், வேலியின் முகத்தில் ஒரு தேக்குத் துண்டைப் பொருத்தியிருந்தார். அது தகட்டின் நடுவோடு நின்றுவிடும். சில மரங்கள் அறுபட்டதும் விரிந்து வளையும். அவை நெருக்குண்ணாமல் விலக இடம் வேண்டும் அல்லவா? ஐரோப்பிய மேசைகளில் குட்டை வேலி வைப்பதும் இக்காரணம் பற்றியே.

தந்தையார் மறைந்தபின் தொழிலை என் அண்ணன் மகன் நடத்துகிறான். சென்ற ஆண்டு பலகையொன்று பின்னோக்கிப் பாய்ந்து, வேலை பழகும் பையனின் விலாவில் அடித்தது. எலும்பு முறியவில்லை, மூன்று வாரம் படுக்கை. உடனே புது வேலி வாங்குவதென்று முடிவு செய்தான் என் அண்ணன் மகன். அண்ணனுக்கோ தந்தையாரின் பொருளில் கைவைக்க மனமில்லை. வழக்கு என்னிடம் வந்தது.

நான் பிள்ளையின் பக்கமே நின்றேன். காலைதோறும் அளக்கும் பொறுமை உடையவர் கையில் பழைய வேலி குற்றமற்றது. அவசரமும் கூலியாளும் உள்ள பட்டறையில் அப்படியன்று. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் பீஸ்மெயர் என்பார் கொணர்ந்த ‘டி’ வடிவ வேலி, அகன்ற தலையால் முன்தண்டில் அமர்ந்து, ஒரு கைப்பிடியிலேயே நேராக இறுகுவது. அவ்வமைப்பை நம்மூர்ப் பட்டறையிலும் இரும்புக் குழாய்கொண்டு செய்யலாம். தகட்டின் பின்னே, அறுபட்ட பிளவு மூடாமல் காக்கும் இரும்பு நாக்கும் வேண்டும் என்றேன்; எங்கள் மேசையில் அது என்றுமே இருந்ததில்லை.

அண்ணன் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவரே பழைய வேலியின் திருகாணிகளைக் கழற்றி, அந்தத் தேக்குத் துண்டை எடுத்துப் புதிய வேலியில் பொருத்தினார். துளைகள் மட்டும் புதிதாக இடவேண்டியிருந்தது.