வாசலைத் தாண்ட மூன்று வாரம்... லிட்டில் ராக் பள்ளிக்கூடம் சொல்லும் கதை!

அமெரிக்காவின் தெற்கே ஆர்கன்சா மாநிலத்தின் தலைநகர் லிட்டில் ராக். ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்னப் பாறைதான் ஊருக்கே பெயரானது. இங்கே வரும் வெளியூர்க்காரர்கள் பலர் தவறாமல் தேடிப் போகும் இடம் ஒரு பள்ளிக்கூடம்.

லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளி 1927-ல் கட்டப்பட்டது. அன்றைய செலவு 15 லட்சம் டாலர். கட்டடத்தின் முகப்பு மட்டும் இரண்டு தெரு நீளத்துக்குப் போகிறது. இருபுறமும் ஏறிச் செல்லும் படிக்கட்டுகளும் எதிரே ஒரு குளமுமாக, பார்த்தால் அரண்மனை போலவே இருக்கும். வாசலுக்கு மேலே லட்சியம், ஆளுமை, வாய்ப்பு, தயாரிப்பு ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிலைகள் நிற்கின்றன. ஆனால் அந்த 'வாய்ப்பு' முதல் 30 ஆண்டுகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி இருந்தது.

நிறத்தை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பது சட்டப்படி செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று தீர்ப்பளித்தது. அதன்படி 1957 செப்டம்பரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரல் பள்ளியில் சேர இருந்தார்கள். ஆனால் மாநில ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ், அவர்களைத் தடுக்க மாநிலக் காவல் படையையே பள்ளி வாசலில் நிறுத்தினார்.

தனியே வந்த சிறுமி

செப்டம்பர் 4. ஒன்பது பேரையும் ஒன்றாக அழைத்துப் போக, டெய்சி பேட்ஸ் என்ற பெண் தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். 15 வயது எலிசபெத் எக்ஃபோர்டின் வீட்டில் தொலைபேசி இல்லாததால் அவருக்கு மட்டும் தகவல் போய்ச் சேரவில்லை. முதல் நாளுக்கென்று தைத்த புது உடையில், கையில் நோட்டுப் புத்தகத்துடன் அவர் தனியாகப் பேருந்தில் வந்து இறங்கினார்.

வெள்ளைக்கார மாணவர்களுக்கு வழிவிட்ட சிப்பாய்கள், எலிசபெத்தை மட்டும் மறித்தார்கள். பின்னால் ஒரு கூட்டம் கத்திக்கொண்டே துரத்தி வர, பள்ளியின் முகப்பை ஒட்டியே நடந்து மறுகோடியில் இருந்த பேருந்து நிறுத்தத்தை அடைந்தார். அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு ஆறுதல் சொன்னார் ஒரு பத்திரிகையாளர். வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் பேருந்தில் ஏற உதவினார்.

அந்தத் தெருவில் இன்று யாரும் நடக்கலாம். சில நிமிட நடைதான். எலிசபெத் உட்கார்ந்த பெஞ்சின் மாதிரி ஒன்றை, பள்ளி மாணவர்களின் முயற்சியால் 2018-ல் அங்கே வைத்திருக்கிறார்கள்.

துப்பாக்கிக் காவலில் பாடம்

நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆளுநர் படையை விலக்கிக்கொண்டார். செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேரும் பக்கவாட்டு வாசல் வழியாக உள்ளே போனார்கள். செய்தி பரவியதும் வெளியே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரள, மதியத்துக்குள் பிள்ளைகளை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று.

மறுநாள் அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்பினார். செப்டம்பர் 25 அன்று, சுமார் 1,200 வீரர்களின் பாதுகாப்பில் ஒன்பது பேரும் முன்வாசல் வழியாகவே நுழைந்தார்கள். தெருவிலிருந்து அந்த வாசலுக்குப் போய்ச் சேர மூன்று வாரம் ஆகியிருந்தது!

கதை அதோடு முடியவில்லை. ராணுவம் வாசலைத் திறந்துவிட்டது. ஆனால் வகுப்பறைக்குள்ளும் கழிவறைக்குள்ளும் வீரர்கள் வர முடியாது. இடிப்பதும் தள்ளுவதும் ஏசுவதும் ஆண்டு முழுக்கத் தொடர்ந்தன. சீண்டல் பொறுக்காமல் எதிர்த்துப் பேசிய மினிஜீன் பிரவுன், 1958 பிப்ரவரியில் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார். மற்ற எட்டுப் பேரும் அந்த ஆண்டைத் தாக்குப்பிடித்தார்கள். அவர்களில் இறுதி வகுப்பில் படித்த எர்னஸ்ட் கிரீன், மே மாதம் அங்கே படிப்பை முடித்த முதல் கறுப்பின மாணவரானார். அந்தப் பட்டமளிப்பு விழாவைப் பார்க்க மார்ட்டின் லூதர் கிங் வந்திருந்தார்.

பூட்டிய பள்ளிகள்

'கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதா? அதற்குப் பள்ளியே வேண்டாம்' என்பதுதான் ஆளுநரின் அடுத்த முடிவு. 1958-59 கல்வியாண்டில் ஊரிலிருந்த நான்கு அரசு உயர்நிலைப் பள்ளிகளும் பூட்டப்பட்டன. இரு இனங்களையும் சேர்ந்த சுமார் 3,700 பிள்ளைகளின் படிப்பு பாதிக்கப்பட்டது. ஆசிரியர்கள் மட்டும் காலி வகுப்பறைகளுக்கு வந்துபோனார்கள். வேடிக்கை என்னவென்றால், பாடம் இல்லாத அந்த ஆண்டிலும் பள்ளியின் கால்பந்துப் போட்டிகள் நடந்தன!

'தொலைந்த ஆண்டு' என்று லிட்டில் ராக் மக்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். அடுத்தவர் பிள்ளைக்கு மூடிய கதவு, சொந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே மூடிக்கொண்டது. 1959 ஆகஸ்டில் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, ஒன்பது பேரில் இருவரான ஜெஃபர்சன் தாமஸும் கார்லோட்டா வால்ஸும் திரும்பி வந்து, 1960-ல் அங்கேயே படித்து முடித்தார்கள்.

1997-ல், 40-ம் ஆண்டு நினைவு விழாவில், அதே முன்வாசல் கதவை ஒன்பது பேருக்காகத் திறந்து பிடித்து நின்றார் அப்போதைய அதிபர் பில் கிளிண்டன். அவர் அதே மாநிலத்தின் முன்னாள் ஆளுநரும்கூட.

போகிறவர்கள் கவனத்துக்கு

1998-ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட பிறகும் இது அருங்காட்சியகமாகிவிடவில்லை. இன்றும் மணி அடித்து வகுப்பு நடக்கும் பள்ளி இது. அதனால் நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. முன்பதிவு செய்து, வழிகாட்டி அலுவலருடன்தான் போக வேண்டும். அருகிலேயே இருக்கும் பார்வையாளர் மையத்துக்குக் கட்டணம் இல்லை. அங்கே அன்றைய படங்களையும் குரல் பதிவுகளையும் பார்க்கலாம், கேட்கலாம். கொஞ்ச தூரத்தில் உள்ள மாநிலத் தலைமைச் செயலக வளாகத்தில் ஒன்பது மாணவர்களின் வெண்கலச் சிலைகளும் இருக்கின்றன.

பிள்ளைகளோடு போகிறவர்கள், பள்ளி விடும் நேரத்தில் எதிர்ப்பக்கம் சற்று நேரம் நின்று பார்க்கலாம். எல்லா நிறத்துப் பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டு, அரட்டை அடித்தபடி அந்தப் படிகளில் இறங்கி வருவார்கள்.