சந்தேகம் இருந்தாலே சொல்லலாம்

மகளிர் குழுக் கூட்டங்களில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைப் பற்றிப் பேசுவது என் வேலை. தவணை வசூல் முடிந்து பாஸ்புக்குகளை அடுக்கிய பிறகுதான் எனக்கு நேரம் தருவார்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எடுத்த எடுப்பில் நான் சொல்வதில்லை. பள்ளிக்கூடச் சுவரில் பார்த்து அது பலருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் கூப்பிடுவதில்லை என்றுதான் கேட்பேன்.

“கண்ணால பாக்காம ஒருத்தர் மேல எப்படிக்கா பழி போடுறது?” என்பார்கள். மனசாட்சி உள்ளவர்கள் கேட்கிற கேள்வி அது. ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் நடக்கிற குற்றத்துக்குக் கண்கண்ட சாட்சி எங்கிருந்து வரும்? 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் நம்மிடம் ஆதாரம் கேட்கவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தவர் மட்டுமின்றி, நடந்துவிடுமோ என்று அஞ்சுகிறவரும் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. விசாரிப்பது போலீஸ் பாடு. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது. தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறை உண்டு. அதை ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுவேன். மிரட்டினால் வாய் இன்னும் இறுகிப்போகும்.

பிறகு ஒத்திகை. ஒருவர் போன் செய்பவர், நான் மறுமுனை. “என்ன சொல்லணும்னே தெரியலையே” என்று சிரித்துக்கொண்டு எழுந்து வருவார்கள். “பக்கத்து வீட்டுப் பாப்பா கொஞ்ச நாளா அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்னு அழுவுது. எனக்குச் சந்தேகமா இருக்கு” என்று சத்தமாகச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடும். இவ்வளவுதானா என்று கேட்பார்கள். இவ்வளவுதான். குழந்தை எங்கே இருக்கிறது, வயது என்ன, நீங்கள் பார்த்தது, கேட்டது என்ன என்று சொன்னால் போதும்.

குழந்தையே வந்து சொன்னால்? இதற்குத்தான் கூட்டத்தில் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன். நம் வீடுகளில் அம்மா கேட்பார், பாட்டி கேட்பார், அத்தை வந்து மறுபடி முதலிலிருந்து கேட்பார். ஒவ்வொரு முறையும் பிள்ளை அதே வேதனையை அனுபவிக்கிறது. “நீ சொன்னது நல்லது கண்ணு, உன்மேல தப்பில்ல” என்று சொல்லிவிட்டு போனை எடுங்கள். அந்த ஆளிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அவன் பிள்ளையை மிரட்ட அது போதும்.

“ஸ்டேஷன் வாசல மிதிச்சா பொண்ணு வாழ்க்கை என்னாகும்?” என்ற கேள்வி எல்லா ஊரிலும் வரும். பிள்ளையின் வீட்டுக்கோ அது விரும்பும் இடத்துக்கோ போய்த்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடுமானவரை பெண் சப்-இன்ஸ்பெக்டர் வர வேண்டும். சீருடையில் வரக் கூடாது. பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடவும் தடை. ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான். “பையனுக்கு என்ன ஆகிடப்போவுது” என்று யாராவது சொன்னால் நான் விடுவதில்லை.

இவ்வளவும் கேட்டபின் ஒரு பாட்டி, “ஊர்ல பெரியவங்க பேசி முடிச்சிருவாங்களே தாயி” என்றார். முடிக்கக் கூடாது பாட்டி, இது பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை. அந்தப் பெரியவர்கள் மகளிர் குழுவுக்கு வருவதில்லை. அதனால் மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைகளிலும் பேச நேரம் கேட்டு வாங்குகிறேன்.