உறங்கும் முன் அடுப்படியில் ஒரு நிமிடம்



சென்ற ரமளானில் ஓர் இரவு, சஹருக்கு எழுந்த வேளையில் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். சொல்லச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும், நாங்கள் பிந்திக் கற்றுக்கொண்டவை வேறொரு குடும்பத்திற்கு முந்திக் கிடைக்குமானால் அந்த வெட்கம் பெரிதல்ல.

அதிகாலை மூன்றரை மணி இருக்கும். அறைக் கதவைத் திறந்ததுமே கேஸ் வாடை மூக்கைத் தாக்கியது. அடுப்படியை ஒட்டிய கூடத்தில், தரையில் பாய் விரித்து எங்கள் உம்மா அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் படுத்தால் முதுகு வலிக்கிறது என்று பல வருடங்களாகவே அவர்களுக்குப் பாய்தான்.

இருட்டில் எங்கள் கை பழக்கத்தால் சுவிட்சைத் தேடிப் போனது.

“லைட்டைப் போடாதீங்க வாப்பா!”

பின்னாலிருந்து கத்தியவள் எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள். தீயணைப்பு வீரர்கள் அவளுடைய பள்ளிக்கு வந்து செய்துகாட்டிய பயிற்சியில் அவள் கேட்ட பாடம் அது. சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே எழும் சிறு பொறி ஒன்றே, நிறைந்திருக்கும் வாயுவைப் பற்றவைக்கப் போதுமாம். எரிகிற விளக்கை அணைப்பதும் ஆபத்துதான். எது எந்த நிலையில் இருக்கிறதோ அதை அப்படியே விட்டுவிட வேண்டும்.

ரெகுலேட்டரை மூடினோம். கொல்லைக் கதவையும் சன்னல்களையும் விரியத் திறந்தோம். உம்மாவைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தோம். வீட்டை விட்டு நன்கு விலகி நின்ற பிறகே கைப்பேசியை எடுத்து 1906 என்ற எண்ணை அழைத்தோம். சமையல் எரிவாயுக் கசிவுக்கென்று நம் நாட்டில் நாள் முழுதும் இயங்கும் கட்டணமற்ற எண் அது. அன்றைய சஹர், பக்கத்து வீட்டார் தந்த பேரீச்சம்பழமும் தண்ணீருமாக வாசலிலேயே முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

சோதிக்க வந்தவர் சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவினார். அடுப்போடு சேரும் இடத்தில் குமிழிகள் கிளம்பின. மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு. “இந்தக் குழாய் எப்ப வாங்குனது பாய்?” என்று கேட்டார். எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கணக்குப் பார்த்தபோது, எங்களைத் தடுத்த அதே மகள் பாலர் பள்ளியில் சேர்ந்த வருடம் வாங்கியது என்று தெரிந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. பால் பாக்கெட்டின் தேதியைத் தினமும் பார்க்கும் நாங்கள், இந்தக் குழாயின் மேல் அச்சிட்டிருந்த ஆண்டை ஒருமுறைகூடப் படித்ததில்லை. போதாக்குறைக்கு, சஹருக்குச் சீக்கிரம் அடுப்பு மூட்டலாம் என்று இரவில் ரெகுலேட்டரையும் மூடாமல் விட்டிருந்தோம்.

அதன் பிறகு நாங்கள் விசாரித்து அறிந்தவை பல. அவற்றுள் எங்களை மிகவும் உலுக்கியது, சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்ற செய்தி. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். ஆகவே அது மேலெழுந்து கலைவதில்லை. தரையோடு தரையாகப் பரவித் தேங்குகிறது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும் நிலையை எட்டிவிடும். நின்றுகொண்டிருந்த எங்களுக்கே அவ்வளவு வாடை என்றால், பாயில் படுத்திருந்த உம்மாவைச் சுற்றி எவ்வளவு இருந்திருக்கும்! இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அந்த வாடையும் வாயுவின் இயல்பான வாடை அல்ல. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. கசிந்தால் மனிதர் அறிய வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள்.

அடுத்தது சிலிண்டர். அதன் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன். சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர். டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். ‘சி 28’ என்றிருந்தால், 2028 செப்டம்பருக்குள் அந்தச் சிலிண்டரை மறுசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது பொருள். தவணை கடந்த சிலிண்டரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம்.

அடுத்த முறை சிலிண்டர் வந்தபோது நாங்கள் குனிந்து பார்த்தோம். தவணை கடந்திருந்தது. கொண்டுவந்தவர் மறுபேச்சின்றி வேறொன்றை இறக்கி வைத்தார். “பல வருஷமா சிலிண்டர் போடுறேன் பாய். இதைப் பார்த்து வாங்குறவங்க ரொம்பக் கம்மி” என்றார். எடையும் அப்படியே. வீட்டுச் சிலிண்டரில் வாயு மட்டும் 14.2 கிலோ இருக்க வேண்டும். வெற்றுச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் கூட்டினால் வருவதே சரியான எடை.

எண்ணெய் நிறுவனங்கள் எரிவாயு விபத்துகளுக்கெனப் பொதுக் காப்பீடு எடுத்திருப்பதும் இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதிவு பெற்ற வாடிக்கையாளர் அதற்குத் தனியே பணம் கட்ட வேண்டியதில்லை. விபத்து நேர்ந்தால் விநியோகஸ்தருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

தீப்புண் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் இஃப்தாருக்கு வடை சுடும்போது எங்கள் ராத்தாவின் புறங்கையில் எண்ணெய் தெறித்தது. நாங்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி, கடைசியில் பற்பசையை அப்பினோம். புண்ணைப் பார்ப்பதற்கு முன் அதைக் கழுவி எடுக்கவே மருத்துவர் பாடுபட்டார். ராத்தா துடித்தது கண்ணுக்குள் நிற்கிறது. செய்ய வேண்டியது எளிது: வளையல், மோதிரத்தை வீங்கும் முன் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரின் கீழ் இருபது நிமிடம் கையைக் காட்ட வேண்டும். பனிக்கட்டி, மை, மாவு எதுவும் கூடாது. தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, பொருத்தமான மூடியால் மூடினால் தீ தானே அடங்கும். நம் பெண்மக்கள் அடுப்படியில் நிற்கும்போது துப்பட்டாவின் முனையைச் செருகிக்கொள்வதும், நைலான் துணியைத் தவிர்த்துப் பருத்தி அணிவதும் நல்லது.

இது ஏதோ பெண்களின் அடுப்படிக் கவலை என்று ஆண்கள் ஒதுக்கிவிட வேண்டாம். 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில், எரிவாயு அடுப்பிலிருந்து மூண்ட தீ பலத்த காற்றில் பரவிப் பல்லாயிரம் கூடாரங்களை எரித்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படி 343 ஹாஜிகள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே அங்கே தீயைத் தாங்கும் கூடாரங்கள் வந்தன. கூடாரங்களில் எரிவாயு தடை செய்யப்பட்டது.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு தீப்பற்றிய செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகை என்பதை உணர்த்தி, உறங்கும் முன் அதை அணைத்துவிடும்படி ஏவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டை எரித்துவிடக்கூடும் என்று காரணத்தையும் எடுத்துரைத்தார்கள். இந்த நபிமொழியைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். விளக்குகள் மின்சாரத்துக்கு மாறிவிட்டபடியால், அது நம் வீட்டுக்கு உரியதல்ல என்று எங்களை அறியாமலே எண்ணிவிட்டோம் போலும். எங்கள் வீட்டுத் திரி ரெகுலேட்டரின் குமிழில் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. தராவீஹ் முடிந்து வந்தாலும் சரி, மற்ற நாள்களில் இஷாவுக்குப் பிறகானாலும் சரி, படுக்கப் போகும் முன் ஒருவர் அடுப்படிக்குச் சென்று ரெகுலேட்டரை மூடி வர வேண்டும். பாத்திரங்களை மூடி, கதவைத் தாழிட்டு, பிஸ்மி சொல்லி வருவதும் அதோடு சேர்ந்தது. “மூடியாச்சா?” என்று உம்மா பாயிலிருந்தே கேட்பார்கள். “மூடியாச்சு உம்மா” என்ற பதில் வந்த பிறகுதான் அவர்கள் கண்ணயர்கிறார்கள்.

இதை வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் எழுந்து, உங்கள் வீட்டுக் குழாயில் எந்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அல்லாஹ் நம் இல்லங்களையும் நம் பெற்றோரையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.