மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு சொல் வேட்டை

காந்திபுரத்தில் பெரியநாயக்கன்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு விபரீத ஆசை உண்டாயிற்று. திரும்பி வரும் வரையில் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட என் வாயிலிருந்து வரக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். கண்டக்டர் வந்தார். "ஒரு பயணச்சீட்டு" என்றேன் கம்பீரமாக. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிக்கெட்டுங்களா? சில்லறையாக் குடுங்க."

'நடத்துநரே!' என்று அழைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

வடகோவையைத் தாண்டி வண்டி மேட்டுப்பாளையம் சாலையில் திரும்பியது. கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை நூல் மில் நிறுவியது 1888-இல். 'மில்' என்பதற்குச் சொல் வேண்டியபோது தமிழர் வெகு தூரம் தேடவில்லை. கரும்புத் தோட்டத்திலே மாடு சுற்றி வரச் சாறு பிழிந்ததே, அதற்கு 'ஆலை' என்று பெயர். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்கிறோமே, அந்த ஆலைதான். வெல்லம் மணத்த அந்தச் சொல்லுக்கு முன்னால் பஞ்சைச் சேர்த்தார்கள், பஞ்சாலை பிறந்தது. சாறு பிழிவதற்கும் நூல் நூற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இங்கிலீஷிலே மாத்திரம் என்ன வாழ்ந்தது? மாவரைக்கும் இடத்துக்கு ஏற்பட்ட பெயர்தானே மில்!

1930-களில் பைக்காரா நீர்மின்சக்தி கோவைக்கு வந்து ஆலைகள் பெருகின. மின்னலை நினைத்து 'மின்சாரம்' என்றோம், அழகான சொல். ஆனால் 1937-இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்த ஊரிலேயே செய்து காட்டிய மின்சார மோட்டார், மோட்டாராகவே நின்றுவிட்டது. பொருள் சுதேசி, பெயர் பரதேசி!

இது வெறும் வேடிக்கை விஷயமன்று. சில வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இங்கிலீஷில் நடந்த விஞ்ஞான பாடத்தில் 'லீவர்' என்ற அத்தியாயம் அவன் தலையில் ஏறவே இல்லை. மக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் அலுத்துப்போய், "லீவர் என்றால் நெம்புகோலப்பா" என்றேன்.

"கடப்பாரைங்களா, சார்?" என்று எழுந்தான். கிணற்று மேட்டில் பாறையை நெம்பும்போது சிறு கல்லை எங்கே அண்டக் கொடுக்க வேண்டும், பாறைக்குக் கிட்டத்தில் கொடுத்தால் ஏன் சுளுவாகப் புரளும் என்றெல்லாம் எனக்கே பாடம் நடத்தினான். மூன்று மாதமாக நான் அவனை மக்கு என்று நினைத்திருந்தது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்தச் சங்கடம் நமக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. ஐரோப்பாவில் செக் மக்களின் மொழி ஜெர்மனுக்கு அடங்கிக் கிடந்த காலத்தில், யூங்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1834 முதல் 1839 வரையில் ஐந்து பாகங்களாக ஓர் அகராதி வெளியிட்டார். பழைய ஏடுகளிலிருந்தும் அண்டை ஸ்லாவிய மொழிகளிலிருந்தும் சொற்களைத் திரட்டினார். இன்று அவர்கள் ஆகாய விமானத்தை, 'பறப்பது' என்று பொருள்பட 'லெதாத்லோ' என்கிறார்கள். நாம் கையை நினைத்துக் கைக்குட்டை என்பதை, அவர்கள் சட்டைப்பையை நினைத்துக் 'கபெஸ்னீக்' என்கிறார்கள். கடன் வாங்கியதோடு நிற்கவில்லை. உலகத்துக்கு ஒரு சொல்லைக் கொடுத்தும் இருக்கிறார்கள். காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில் பிறந்ததுதான் 'ரோபோ'. கூலியில்லாத கட்டாய உழைப்புக்கு அவர்கள் மொழியில் 'ரொபோத்தா' என்று பெயர். சோழர் கல்வெட்டுகளில் அதே உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர்!

பெரியநாயக்கன்பாளையம் வந்துவிட்டது. நான் பார்க்க வந்தது ராமகிருஷ்ண வித்யாலயத்தை. 1930-இல் அதைத் தொடங்கியவர் அவினாசிலிங்கம் செட்டியார். அவர் மாகாணக் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1946-இல், தமிழ் வளர்ச்சிக் கழகமும் தோன்றியது. அதற்கும் முப்பது வருஷம் முன்பே, 1916-இல், சேலத்தில் ராஜாஜி விஞ்ஞானச் சொற்களுக்காக ஒரு சங்கம் கண்டிருந்தார். கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரையில் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெ. தூரன் இந்த வித்யாலயத்தில் வாத்தியாராக இருந்தவர். மரங்களின் நிழலில் நடந்தபோது, எங்கள் ஜாதி வாத்தியார் ஒருவர் செய்த வேலை என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் ஒரு விவசாயி. மடியில், கிண்ணம் போல் வளைந்த இலைகளோடு ஓர் இரும்புச் சக்கரம்.

"என்னங்க இது?"

"பம்புசெட்டு இம்பெல்லருங்க. தேஞ்சு போச்சு."

"தமிழில் என்ன சொல்வீர்கள்?"

சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தண்ணிய வாரி வெளியே வீசறது இதுதானுங்க. வீசுசக்கரம்னு வெச்சுக்குங்களேன்."

அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். "ஒரு டிக்கெட்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து 'வீசுசக்கரம்' என்று எழுதிக்கொண்டேன்.