சிரிசில்லாவின் பழைய விசைத்தறிகள்

ஐதராபாத்திலிருந்து மேற்கே செல்லும் மும்பை நெடுஞ்சாலை, மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரைத் தொட்டுச் செல்வதாலேயே தெலங்கானா நெசவாளர்களின் வரலாற்றில் இடம்பெறுகிறது. நெசவுத் தொழில் செய்யும் பத்மசாலி சமூகத்தார் சோலாப்பூருக்கும் அதே மாநிலத்தின் பிவண்டிக்கும் பிழைப்புத் தேடிப் போக, அவ்வூர்களில் ஒருமுறை உழைத்து முடித்த தறிகள் கைமாறி, தெலங்கானாவின் விசைத்தறி நகரான சிரிசில்லாவுக்கு வந்து சேர்ந்தன. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் மும்பை ஆலைத் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் பல மூடப்பட்டதும், அவற்றின் தறிகள் விசைத்தறிக் கொட்டகைகளுக்கு மலிவாக விலைபோனதும் இக்கதையின் முற்பகுதி.

சிரிசில்லாவின் கொட்டகைக்குள் நுழைபவரின் காதில் முதலில் விழுவது, நாடா பெட்டியில் மோதும் ஓசையே. 90 டெசிபலைத் தாண்டும் அவ்விரைச்சலில் பேச்சு எடுபடாததால் தொழிலாளர் கைச்சாடையிலேயே பேசிக்கொள்கின்றனர். மோட்டாரால் சுழலும் மேல்தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகையில், நூல் இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சு ஒருமுறை முன்வந்து, புதிதாக விழுந்த ஊடை இழையைத் துணியோடு சேர்த்து அடிக்கிறது. மேல்தண்டின் பாதி வேகத்தில் சுழலும் கீழ்த்தண்டோ, பாவு இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கும் விழுதுகளை அசைப்பதோடு, இருபுறமும் உள்ள அடிகோல்களை மாறிமாறி உதைத்து, ஊடை நூல் சுற்றிய தார் செருகிய நாடாவை அப்பிளவின் ஊடே எறிகிறது. நிமிடத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட முறை இது நடக்கிறது. ஊடை அறுந்தால் முள்கரண்டி போன்ற சிறு கம்பி தறியை நிறுத்திவிடும். பாவு இழை அறுந்தால் நிறுத்தும் அமைப்பு இச்சாதாரணத் தறிகளில் இராததால், அதைக் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டியவர் நெய்பவரே.

வார்ப்பிரும்புச் சட்டம் எளிதில் தேய்வதில்லை. தேய்பவை மோதுவனவும் மோதப்படுவனவும் உரசிச் சுழல்வனவுமே. அனுபவமுள்ளவர் பழைய தறியை வாங்குமுன் அச்சைத் தாங்கும் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். அது குலுங்கினால் தண்டின் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். துணியை இழுத்துச் சுருட்டும் பற்சக்கரம் தேய்ந்திருந்தால் துணியில் அடர்த்தியும் தளர்வும் மாறிமாறிக் கோடுகளாகத் தெரியும். புஷ்ஷும் பல்லும் மாற்றக்கூடியவையாதலால், இத்தகைய தறியைக் கிழடு என்று ஒதுக்குவது பொருந்தாது.

2017 முதல் சில ஆண்டுகள் மாநில அரசு கொடுத்த பத்துகம்மா பண்டிகைச் சேலை ஆர்டர் இத்தறிகளுக்கு வேலை தந்தது. ஆயினும் நெய்த மீட்டருக்கே கூலி என்பதால், தேய்ந்த தறியின் குறையைத் தறி உரிமையாளரைவிட அதன் முன் நிற்பவரே சுமக்கிறார்: இழை பிணைக்கவும் நாடாவைச் சரிசெய்யவும் தறி நிற்கும் நேரத்துக்கு மீட்டர்க்கூலியில் கணக்கில்லை.