அத்தையோடு ஒரு நாள் டூர்

திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவளுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது சம்பளமில்லாத ஓர் உத்தியோகம். மொட்டை போட வருகிறவர்கள், காது குத்த வருகிறவர்கள், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர்கள், டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் என்று வருஷம் முழுக்க யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள். அவர்களுக்குச் சாதம் வடித்துப் போட்டு, 365 படி ஏற்றி இறக்கி, சரவணப் பொய்கையைக் காட்டி, டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊராக்கும் என்று பெருமையும் பேசி, 'ரயிலுக்கு நேரமாச்சு, கிளம்புங்க' என்று விரட்டி அனுப்புகிற வரை எல்லாம் நான்தான். இருபது வருஷமாயிற்று. என்னை யாராவது ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய், 'இதைப் பாரும்மா, அதைப் பாரும்மா' என்று காட்ட மாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அதனால்தான், சென்னையிலிருந்து காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டையும் ஒரே நாளில் காட்டிக் கொண்டுவந்து விடுகிற டூரிஸ்ட் பஸ்ஸில் போகலாம் என்று சொன்னேன். இவர் சிரித்துவிட்டார்.

"காஞ்சிபுரம் நம்ம ஊர்லேருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அதுக்கு எண்பத்தஞ்சு கிலோமீட்டர் மெட்ராசுக்குப் போய், அங்கேருந்து பஸ் ஏறி, திரும்பி இந்தப் பக்கமே வரப் போறியா?"

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் காஞ்சிபுரத்துக்கு நான் எத்தனை தடவை போயிருக்கிறேன்! எல்லாம் முகூர்த்தப் புடவை எடுக்கவும், சத்திரத்தில் நடக்கிற கல்யாணத்துக்கும்தான். பந்தி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு. கைலாசநாதர் கோயில் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

இந்தப் பிரயாணத்தில் எனக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. எங்கள் அத்தைக்கு (மாமியாரை நாங்கள் அத்தை என்றுதான் கூப்பிடுவோம்) வயசு 72. இரண்டு வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. பயம்தான் போகவில்லை. டாக்டர், "நடங்க பாட்டி. விழுந்துடுவோமோன்னு பயந்து உக்காந்துட்டா தசை மெலிஞ்சு போகும், அப்புறம் அதனாலேயே விழுவீங்க" என்று தெளிவாகச் சொன்னார். அத்தை அவர் முன்னால் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்துகொள்வார். வாசல் திண்ணைதான் எல்லை. மலைக்குக் கார் போகிற பாதை இருக்கிறதே, அதில்கூட வர மாட்டேன் என்றுவிட்டார். "இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன். அவனுக்குத் தெரியும்" என்பார். கீழிருந்து பார்த்தால் கோபுரம் தெரியும்தான். ஆனாலும் தினம் மலையைப் பார்த்துக்கொண்டு ஏறாமல் இருப்பது அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்காது.

அத்தையைக் கிளப்பியது ஒரு பழைய பேப்பர். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில், அலை மண்ணை அரித்ததில் ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது. அதில் ஒரு சுப்பிரமணியர் கோயிலைப் பற்றி இருக்கவே, 2005-இல் தொல்லியல் துறையினர் அங்கே தோண்டினார்கள். மண்ணுக்குள்ளிருந்து கோயிலின் அடிப்பகுதி கிடைத்தது. மேலே பல்லவர் காலத்துக் கருங்கல் வேலை. அதற்கும் அடியில் செங்கல் கட்டடம், சங்க காலத்தது என்றார்கள். தமிழ்நாட்டில் இதுவரை கிடைத்த முருகன் கோயில்களில் இதுதான் மிகப் பழையது என்று பேப்பரில் வந்தது. நான் கல்யாணமாகி வந்த புதிது. மாமனார் அதை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். "முருகன் ஊர்ல இருந்துக்கிட்டு இதைப் பார்க்காம இருக்கலாமா? ஒரு தடவை போயிட்டு வரணும்டி" என்று அத்தையிடம் சொன்னார். பேப்பரை வெட்டிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தார். போகாமலே போய்ச் சேர்ந்தார்.

"அந்தப் பஸ் அந்த வழியாத்தான் வருமாம் அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நடுவுல உக்கார இடம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு ஏற்பாடுகளில் இறங்கினேன். டிக்கெட்டுக்கு முன்பே போன் செய்து மூன்று விஷயம் கேட்டுக்கொண்டேன்: முன் சீட்டு கிடைக்குமா, பஸ் படி எவ்வளவு உயரம், நிறுத்துகிற இடங்களில் உட்கார்ந்து போகிற மாதிரி டாய்லெட் இருக்கிறதா. முழங்கால், இடுப்பு மடக்க முடியாதவர்களுக்குக் கோயிலைவிட முக்கியம் இந்தக் கடைசி சமாசாரம். இது இல்லை என்று தெரிந்தால் பெரியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து மயக்கம் போட்டுவிடுவார்கள். ஊன்றுகோலின் அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்திருந்தது, புதுசு மாற்றினேன். பின்னால் வார் வைத்த செருப்பு, ஒரு மடக்கு ஸ்டூல், பிரஷர் மாத்திரை, எலுமிச்சம்பழம், புளியோதரை. முதல் நாளே பெரம்பூரில் நாத்தனார் வீட்டுக்குப் போய்த் தங்கிவிட்டோம்.

காலை ஆறரைக்குப் பஸ். வடக்கத்திக் குடும்பங்கள் நாலைந்து, கோயமுத்தூர்க்காரர்கள் ஒரு கும்பல், ரிட்டையரான இரண்டு டீச்சர்கள். கைடு சின்னப் பையன், முப்பது வயசுக்குள்தான். தமிழ், இங்கிலீஷ், இந்தி மூன்றிலும் அதே ஜோக்கை மூன்று தடவை சொன்னான். எங்கள் அத்தை புத்தூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்குதான் தாய்பாஷை. "தெலுகுல செப்பவா?" என்று கேட்டே விட்டார்! 1960-இல்தான் சித்தூர் ஜில்லாவிலிருந்து திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்கு வந்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இரண்டு பாஷையும் கலந்துதான் ஓடும், எல்லா ஊரிலும் அப்படியே என்று அத்தைக்கு நினைப்பு.

காஞ்சிபுரத்தில் முதலில் கைலாசநாதர். கருங்கல் இல்லை, பெரும்பாலும் மணற்கல். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. உள்மதிலை ஒட்டி வரிசையாக 58 குட்டிச் சன்னிதிகள். வாசலில் ஒரு வரிசை சின்னக் கோயில்கள் நிற்கின்றன. அதில் ஒன்றைக் கட்டியவள் ராஜசிம்மனின் ராணி ரங்கபதாகை என்று கல்வெட்டே இருக்கிறதாம். கைடு இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டான். எனக்கு அங்கேயே நிற்க வேண்டும்போல் இருந்தது. புருஷன் அவ்வளவு பெரிய கோயில் கட்டும்போது, 'எனக்கும் ஒண்ணு' என்று வாசலிலேயே தன் பேரில் ஒன்று வைத்தாளே! கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான பாதை இருக்கிறது. தவழ்ந்துதான் போய் வர வேண்டும், மறுபிறவி இல்லை என்பார்கள். கோயமுத்தூர் அம்மாள் ஒருத்தர் நுழைந்து பாதியில், "வழி இருக்கா, இல்லையா?" என்று குரல் கொடுத்ததில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு.

இந்தக் கோயிலுக்கு 25 நிமிஷம். அடுத்தாற்போல் பட்டுப் புடவைக் கடையில் முக்கால் மணிக்கு மேல்! நேரம் நீட்டப்படுவது யாருக்காக என்று குடும்பம் நடத்துகிற நமக்குப் புரியாதா? ஆனாலும் கடையில் ஒரு தறி போட்டிருந்தார்கள், அது பார்க்க வேண்டியதுதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட்டு நெய்ய, நெசவாளியோடு கூட ஒரு ஆள் உட்கார்ந்து மூன்று நாடா ஓட்ட வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் கரையை உடலோடு கோத்துக்கொண்டே போகிறார்கள். அத்தை ஸ்டூலைத் தறிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு புடவையும் வாங்கவில்லை, கடைக்காரப் பையன்தான் பாவம்.

மத்தியானம் மாமல்லபுரம். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர், சொல்லவா வேண்டும்! ஐந்து ரதத்தில் திரௌபதி ரதம் அசல் கூரை வேய்ந்த குடிசை மாதிரியே இருக்கிறது. உள்ளே இருப்பது திரௌபதி இல்லை, துர்க்கை. பஞ்ச பாண்டவர் பெயரெல்லாம் பின்னால் ஜனங்கள் வைத்தது என்று கைடு சொன்னான். கடற்கரைக் கோயிலுக்கு நடை ஜாஸ்தி, மணலில் வெயில். அத்தை மரநிழலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "நீ பார்த்துட்டு வா" என்றுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. பலத்தை எங்கே செலவழிப்பது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

ஆனால் கிருஷ்ண மண்டபத்தில் அவரை நகர்த்த முடியவில்லை. பெரிய தபசுப் பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மலையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணன் நிற்கிறான். அவனை விட்டுவிட்டு அத்தை பார்த்தது, பக்கத்தில் ஒருவன் பால் கறக்கிறானே, அந்தப் பசுவைத்தான். கறக்கும்போதே அது திரும்பிக் கன்றை நக்கிக் கொடுக்கிறது. "கன்னு பக்கத்துல இல்லேன்னா பால் இறக்காது. செதுக்கினவன் வீட்ல மாடு இருந்திருக்கும்" என்றார். புத்தூரில் பிறந்த வீட்டில் ஆறு மாடு கறந்தவர் சொல்கிறார், நான் மறுத்துப் பேச முடியுமா? கைடு, "இதை நான் இனிமே சொல்லிக்கிறேன் பாட்டி" என்றான்.

திரும்புகிற வழியில் சாளுவன்குப்பம். பஸ் நிற்பது புலிக் குகைக்காக. பாறையைச் சுற்றி யாளித் தலைகளாகச் செதுக்கியிருப்பதால் அந்தப் பெயர். இருபது நிமிஷம் என்றார்கள். எல்லோரும் போட்டோ எடுக்க ஓடினார்கள். நான் கைடிடம் போய் முருகன் கோயிலைக் கேட்டேன்.

"அது புரோகிராம்ல இல்லீங்கம்மா. அடுத்து முதலைப் பண்ணைக்கு நேரத்துக்குப் போகணும்."

"தம்பி, நாங்க திருத்தணி. இதுக்குத்தான் வந்தோம்."

அவன் வாட்சைப் பார்த்தான், அத்தையின் ஊன்றுகோலைப் பார்த்தான். "அதோ, அந்தப் பக்கம்தான். கிட்டதான். பஸ் ஹாரன் அடிச்சா வந்துடணும்."

கிட்டதான். ஆனால் மணல் வழி. நான் கையை நீட்டினேன். அத்தை பிடிக்கவில்லை. "மெல்லகா, மெல்லகா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கோலை ஊன்றி, ஒரு கால், இன்னொரு கால் என்று நடந்தார். இரண்டு இடத்தில் ஸ்டூலை விரித்தேன், ஒரு இடத்தில்தான் உட்கார்ந்தார். என் மனசு முழுக்க அந்தத் தொடை எலும்பில்தான் இருந்தது. இவருக்கு என்ன பதில் சொல்லுவேன், நாத்தனாருக்கு என்ன பதில் சொல்லுவேன் என்று ஒவ்வொரு அடிக்கும் எண்ணிக்கொண்டே பின்னால் போனேன்.

கோயில் என்றால் கோபுரமெல்லாம் இல்லை. சுற்றிலும் செங்கல் வரிசைகள், நடுவில் வடக்குப் பார்த்த கருவறையின் அடித்தளம், முன்னால் கல்லில் செய்த ஒரு வேல். அவ்வளவுதான். உள்ளே சாமி இல்லை, குருக்கள் இல்லை, விளக்கு இல்லை. அத்தை செருப்பைக் கழற்றினார். சுருக்குப் பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். எப்போது வைத்தாரோ! "ஏத்தலாமா?" என்றார். தொல்லியல் துறை இடம், ஏற்றக் கூடாது என்றேன். திரும்ப முடிந்து வைத்துக்கொண்டு வேலைப் பார்த்துக் கும்பிட்டார். அழவில்லை. "உங்க மாமா பேப்பர்ல படம் சின்னதா இருந்துச்சு" என்றார்.

எனக்குத் தெரிந்த கல்வெட்டு விஷயத்தை அப்போது சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் வசந்தனார் என்ற ஒரு அந்தணப் பெண்மணி இந்தக் கோயிலில் விளக்கு எரிய 16 கழஞ்சு பொன் கொடுத்திருக்கிறார். கழஞ்சு என்பது ஐந்து கிராம் அளவுக்கு வரும். ஆக, ஏறக்குறைய பத்துப் பவுன். பொன்னை முதலாக வைத்து, அதில் வருகிறதைக் கொண்டு விளக்கு எரிப்பது அந்தக் காலத்து வழக்கம். அத்தை பத்துப் பவுன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

ஹாரன் அடித்தது. நாங்கள் திரும்புவதற்குள் கைடே தேடிக்கொண்டு வந்துவிட்டான், பின்னாலேயே அந்த இரண்டு டீச்சர்களும். வந்தவன் சும்மா இருக்க முடியாமல் செங்கல்லைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டான். பஸ்ஸில் இருந்த ஒருவர் முணுமுணுத்தார். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் பத்து நிமிஷம் குறைந்துபோயிற்று. முதலைகள் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் கிடக்கின்றன. அவற்றைப் பத்து நிமிஷம் குறைவாகப் பார்த்ததில் நஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம். முட்டுக்காட்டைப் பஸ் ஜன்னலிலேயே பார்த்தோம், உப்பங்கழி மேல் வெயில் சாய்கிற நேரம். அத்தை தூங்கிவிட்டிருந்தார்.

பெரம்பூர் வந்து சேர ராத்திரி எட்டரை. வெந்நீரில் கல்லுப்பு போட்டு அத்தையின் காலை வைத்தேன். கணுக்காலில் கொஞ்சம் வீக்கம், காலையில் வடிந்துவிட்டது. இடுப்பில் வலி இல்லை. மறுநாள் காலை நாத்தனார் காபி கொண்டுவந்து வைத்ததும், டூரைப் பற்றிச் சொல்வார் என்று நாங்கள் காத்திருந்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு அத்தை என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த வசந்தனாரு பத்துப் பவுன் குடுத்தாளே, புருஷனைக் கேட்டுக் குடுத்திருப்பாளா, கேக்காம குடுத்திருப்பாளா?"