ஆறப் பொறுக்கணும்

பிளாஸ்டிக் குடத்தில் விரிசல் விழுந்தால், வீட்டில் இருக்கிற பசை எதுவும் உதவாது. தடவிக் காயவைத்துத் தண்ணீர் பிடித்தால் பசை மட்டும் தனியே உரிந்து வரும். பசையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குடம் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரோப்பிலீன். இரண்டுமே லேசில் யாரோடும் ஒட்டாத பேர்வழிகள்.

பி.காம். படித்த எனக்கு டெபிட், கிரெடிட் தெரியும். உருகுநிலை தெரியாது. அதைக் கற்றுக்கொண்டது ரிஷிவந்தியத்தில். பாதி பாதி சேர்ந்து ஒன்றான அர்த்தநாரீஸ்வரர் கோயில் கொண்ட ஊர் அது. அங்கே ஒரு கோடை மத்தியானம், வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் குடங்களுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கரி அடுப்பு, இரண்டு பட்டை இரும்பு, ஒரு கோணி நிறைய உடைந்த குடத் துண்டுகள். மொத்த முதலீடே அவ்வளவுதான்.

ஒரு பெண் அடி விண்ட குடத்தைக் கொண்டுவந்து வைத்தார். பெரியவர் விரிசலைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். கோணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓரத்தைச் சுட்டு, முகர்ந்து பார்த்துத் தூக்கிப் போட்டார்.

“இது வேற ஜாதி சார், சேராது.”

அந்த வார்த்தையைப் பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொண்டால் ஊருக்கு நல்லது.

அவர் சொன்னது ரசாயனப்படி சரி. பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நீள நீளமான இழைகள், இடியாப்பம் மாதிரி. சூட்டில் இளகும்போது இந்தப் பக்கத்து இழை அந்தப் பக்கத்துக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கிறது. ஆறியதும் பிரிக்க முடியாத இடியாப்பச் சிக்கல். குடத்துக்கு ஏற்ற கெட்டிப் பாலிஎத்திலீனுக்கு 130 டிகிரி செல்சியஸ் வாக்கில் இது நடக்கும். அதைக் குறைந்த அழுத்தத்தில் தயாரிக்க 1953-ல் வழி கண்டவர் ஜெர்மனியின் கார்ல் ஸீக்லர். 1963-ல் நோபல் பரிசு வாங்கினார்.

குடிநீருக்குக் கறுப்புப் பாலிஎத்திலீன் குழாய் பதிக்கிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். இரண்டு முனைகளையும் சீவி, 200 டிகிரிக்கு மேல் காய்ந்த தட்டில் வைத்து இளக்கி, தட்டை எடுத்துவிட்டு ஒன்றோடொன்று அழுத்தி, ஆறும்வரை அசையாமல் பிடிக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் ஒட்டு குழாய்க்குச் சமமான பலம்.

பி.வி.சி. குழாயிடம் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, நெஞ்சைப் பிடிக்கும். கடையில் தருகிற சொல்யூஷன் போதும். அது குழாயின் மேற்பரப்பைக் கரைத்துச் சேர்க்கிறது. பொருளுக்கு அடியில் முக்கோணத்துக்குள் 3 என்றிருந்தால் பி.வி.சி. 2 அல்லது 5 என்றால் சூட்டு வைத்தியம் செல்லும், அதே எண்ணுள்ள துண்டோடு.

மரத்தடியில் ஒட்டு முடிந்ததும் அந்தப் பெண் குடத்துக்குக் கை நீட்டினார். “தண்ணி வர்ற நேரம், குடுங்க பெரியவரே.” குழாயில் வருவது அரை மணி நேரம். தவறவிட்டால் மறுநாள்தான்.

பெரியவர் தரவில்லை. “இப்ப புடிச்சா அடி கழண்டுக்கும்மா. செத்த பொறு.” பக்கத்தில் கிடந்த தன் குடத்தை எடுத்து நீட்டினார். “இதுல புடிச்சிட்டு வா.”

ஆக்கப் பொறுத்தவள் ஆறப் பொறுக்க அப்படியொரு ஏற்பாடு.

கல்லூரியில் எங்களுக்குத் தேய்மானத்தை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு பொருளின் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். குப்பைக்குப் போகவேண்டிய குடத்துக்கு இன்னும் இரண்டு கோடை சேர்த்துக் கொடுக்கிறவரை எந்தப் பக்கம் எழுதுவது?